நாற்பத்திரண்டு படகும் ஒரு பொத்தானும்

நாற்பத்திரண்டு படகுகள் கரையோரம் வரிசையாக நின்றன. ஒன்றில்கூடத் தள்ளும் கழி இல்லை.

காலை ஏழு மணி இருக்கலாம். ஏரியில் காற்றே இல்லை. தொலைவில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று எங்கள் கரையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. இங்கி தன் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து இறால் வடை தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அது ஒன்பதாவது வடை. வீட்டுக்கு ஒன்று. ஒரு வீட்டில் தின்றால் எல்லா வீட்டிலும் தின்றாக வேண்டும் என்பது அந்தக் குப்பத்தின் சட்டம். இன்னும் முப்பத்துமூன்று வீடு பாக்கி.

"கோவிந்தண்ணே, உங்க படகுக் கழி எங்கே?" என்று கேட்டேன்.

கோவிந்தன் வானத்தைப் பார்த்தார். "ஒடிஞ்சி பூட்ச்சிம்மா."

"நேத்து சாயங்காலம் இருந்ததே?"

"ராத்திரி ஒடிஞ்சி பூட்ச்சி. தானா."

அடுத்தவருடைய கழியைக் கறையான் அரித்துவிட்டதாம். அதற்கடுத்தவருடையதை அவர் மச்சான் வாங்கிக்கொண்டு வெளியூர் போய்விட்டாராம். மச்சான் பக்கத்திலேயே நின்று அதற்குத் தலையாட்டினார்.

ஏரியின் அக்கரையில், சுண்ணாம்புக்குளத்தில், ஆபீஸ் ஜீப் காத்திருந்தது. கும்மிடிப்பூண்டியில் பதினொன்றரை மணிப் பாசஞ்சர். சாயங்காலம் சென்ட்ரலில் பம்பாய் வண்டி. பம்பாயில் கப்பல். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதற்குள் நார்வேயில் இங்கியின் அக்கா கல்யாணம் முடிந்துபோயிருக்கும். தங்கைக்காகவே ஒருமுறை தள்ளிப்போட்ட கல்யாணம் அது.

நானும் அவளும்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். நான் அப்போது கும்மிடிப்பூண்டி பிளாக் ஆபீசில் கிராம சேவிகா. பிறந்தது திருவள்ளூரில், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில். தண்ணீரோடு எனக்கிருந்த பழக்கம் கோயில் குளத்தின் மூன்றாவது படி வரைக்கும்தான். ஓரிடத்தில் தரிக்காத காலும், கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டில் இரண்டு வரி கிறுக்கிவைக்கும் கையும் எனக்கு உண்டு. இரண்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. முழங்கால்தான் இப்போது ஆட்சேபணை தெரிவிக்கிறது. அப்படிப்பட்டவளைத்தான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்த மணல் திட்டுக்கு அனுப்பினார்கள். படகில்லாமல் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது.

இங்கியின் முழுப்பெயர் இங்கிரிட். நர்சு படிப்பு முடித்தவள். சம்பளம் வாங்காமல் இரண்டு வருடம் தொண்டு செய்ய வந்தவள். குழந்தைகளின் எடை பார்ப்பது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது, தாய்மார்களுக்கு நாலு விஷயம் சொல்வது அவள் வேலை. அவள் பேச்சைத் தமிழாக்குவது என் வேலை. ஆறு மாதத்தில் என் வேலை போயிற்று. கோவிந்தனின் மனைவி மங்கம்மா பக்கத்துக் குடிசை. அவளிடமே தமிழ் கற்றுக்கொண்டாள் இங்கி. பாடப் புத்தகத்துத் தமிழைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள்.

அதன் பலன் ஒருநாள் ஆபீசில் தெரிந்தது. எங்கள் பிளாக் அதிகாரி கண்டிப்பானவர். அவர் அறைக்குள் போனால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கி நேரே போய்க் கைகூப்பினாள்.

"இன்னா சார், சொகமா கீறியா? நாஷ்டா துன்ட்டியா?"

குமாஸ்தாவுக்கு டீ மூக்கில் ஏறியது. அதிகாரியின் பேனா நின்றது. அவர் இங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இங்கியைப் பார்த்தார்.

"துன்ட்டேம்மா" என்றார்.

அன்று முதல் எங்கள் எந்தக் கோரிக்கையும் அவர் மேசையில் தங்கியதில்லை.

இறால் தராசில் ஒரு நர்சு

எடை பார்ப்பது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. குழந்தையை நிறுத்தால் கண் பட்டுவிடும் என்று தாய்மார்கள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். ஆபீஸ் தராசு வேறு உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போயிற்று.

ஒரு மத்தியானம் கரையில் இறால் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று கழியைக் கூட்டிக் கட்டி, நடுவில் பெரிய தராசு தொங்கியது. இங்கி கூடையிலிருந்த இறாலைப் பக்கத்துப் பாயில் கொட்டிவிட்டு, தானே கூடைக்குள் ஏறிக் குந்திக்கொண்டாள்.

"நிறு" என்றாள்.

வியாபாரி விழித்தார். கூடை கிறீச்சிட்டது. குப்பமே ஓடி வந்தது. எடைக்கல் போதாமல் இரண்டு நங்கூரமும் ஒரு ஆட்டுக்கல்லும் வைத்தார்கள்.

"அடி ஆத்தே, ஒரு படகு இறாலு கனம் கீறாளே!" என்று மங்கம்மா தலையில் கை வைத்தாள்.

"எனுக்குக் கண்ணு பட்ச்சா?" என்று கேட்டாள் இங்கி, கூடைக்குள்ளிருந்து.

"உன்னையப் பாத்தா கண்ணுதான் பயந்துக்கும்."

"அப்போ புள்ளய குடு."

மங்கம்மாவின் கடைக்குட்டிதான் முதலில் கூடையில் உட்கார்ந்தது. இறால் வாசனையோடு சிரித்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் கரையில் தாய்மார் வரிசை.

பானை

இப்போது பானையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் அந்தக் காலை நகராது.

ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைக்காது. நல்ல இடத்துக்கு எல்லோருக்கும் ஆசை. அதனால் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைப்பார்கள். முறையைப் பானை தீர்மானிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. கோவிந்தன் வீட்டுக்குச் சங்கு. ஊரை நடத்தும் பெரியதனக்காரர் ஆறுமுகத்துக்கு ஈயக்குண்டு. இன்னொருவருக்கு வலையின் தக்கை, மற்றொருவருக்கு ஓட்டுத் துண்டு. பானை வாயை ஈரத்துணியால் மூடியிருப்பார்கள். ஒவ்வொருவராக மூடிய கையைத் துணிக்கடியில் விட்டுத் தங்கள் அடையாளத்தைப் போடுவார்கள். கடைசியாகப் போட்டவர், பார்க்காமல் ஒன்றை எடுப்பார். யாருடையது வந்ததோ அவருக்கு முறை. எடுத்ததை ஊருக்குக் காட்டிவிட்டுப் பானைக்குள்ளேயே திரும்பப் போடுவார்கள். பிறகு ஒவ்வொருவரும் கைவிட்டு, தொட்டுப் பார்த்தே தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள்.

மீனுக்கு மட்டுமல்ல. யாரும் செய்ய விரும்பாத வேலைக்கும் பானைதான். கோயில் கிணற்றில் தூர் வார, புயல் நாளில் அக்கரைக்கு மருந்துக்குப் போக. பானை சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. பானையில் பொய் செய்தால் ஏரி வற்றிவிடும் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

இங்கி வந்த முதல் வருடத் திருவிழாவின்போது தன்னிடம் மட்டும் யாரும் வரி கேட்கவில்லை என்று சண்டைக்குப் போனாள்.

"நீ விருந்தாளிம்மா" என்றார் பெரியதனக்காரர்.

"எம் ஊட்ல அடுப்பு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"அடுப்பு எரிஞ்சா ஊடு. ஊடுன்னா வரி. பானையில அடையாளம். அல்லாருக்கும் ஒரு ஞாயம், எனுக்கு ஒரு ஞாயமா?"

பெரியதனக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒப்புக்கொண்டார். அவளிடம் சங்குமில்லை, குண்டுமில்லை. பெட்டியைத் திறந்து, அம்மா பின்னிக் கொடுத்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்தாள். எங்கள் வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கும். அதிலிருந்து ஒரு வெள்ளிப் பொத்தானை அறுத்துப் பானையில் போட்டாள். டங்.

நாற்பத்துமூன்றாவது வீடு. அந்த மாதமே அவள் பொத்தான் வந்தது. கருவாட்டுக்குக் காக்கை ஓட்டும் வேலை. இரண்டு நாள் முழுக்க, மூக்கு உரிய உரிய, நார்வே மொழியில் காக்கைகளைத் திட்டிக்கொண்டு நின்றாள்.

சத்தமில்லாத பானை

கழிகள் காணாமல் போன காலைக்குத் திரும்புகிறேன்.

"இன்னா இது பேஜாரு?" என்று இங்கி எழுந்தாள். "கப்பல் போய்டும். எங்க அக்கா அழும். யார்னா ஒர்த்தர் இட்டுனு போங்க."

கோவிந்தன் கடைசியில் உண்மையைச் சொன்னார். "உன்ன ஏத்திக்கினு போய் வுட்டது யாருன்னு நாளைக்கு எம் புள்ளைங்க கேக்கும். எங்க நைனாதான்னு ஊரு சொல்லும். அந்தப் பேரு எனுக்கு வேணாம்மே."

மற்ற நாற்பத்தொரு பேரும் தலைகுனிந்தார்கள். எல்லோருக்கும் அதே வியாதி.

பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒர்த்தரும் வல்லேன்னா பானைதான்."

எனக்கு உயிர் வந்தது. பானை சொன்னால் யாரும் மறுக்க முடியாது. பானை வந்தது, துணி நனைத்துக் கட்டினார்கள். பெரியதனக்காரர் முதலில் மூடிய கையை உள்ளே விட்டு வெளியே எடுத்தார். அடுத்து ஒருவர். அடுத்து ஒருவர். எதிலோ குறை இருப்பதாகப் பட்டது எனக்கு. என்னவென்று புரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்திரண்டு மூடிய கைகள் உள்ளே போய், திறந்த கைகளாக வெளியே வந்தன. கடைசியாக இங்கி.

டங்.

அந்த ஒரு சத்தம்தான் அந்தக் காலையில் பானை எழுப்பிய சத்தம். பெரியதனக்காரரின் ஈயக்குண்டு விழுந்தால் பானையே அதிரும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

கடைசியாகப் போட்டவள் என்பதால் இங்கியே எடுக்க வேண்டும். கை உள்ளே போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. அவள் முகம் மாறியது. புருவம் ஏறி, உதடு மடிந்து, கண் மட்டும் குளம் மாதிரி ஆயிற்று. பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள்.

வெள்ளிப் பொத்தான்.

"என் மொறைதான்" என்றாள். "என்ன நானே இட்டுனு போறேன்."

பொத்தானைக் காட்டிவிட்டுத் திரும்பப் பானைக்குள் போட்டாள். வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து தங்கள் அடையாளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியதனக்காரர் கைவிட்டார். திடுக்கிட்டார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். கோவிந்தன் கைவிட்டார். அவரும் திடுக்கிட்டார். திரும்பிப் பெரியதனக்காரரை முறைத்தார். அவர் இவரை முறைத்தார். இப்படியே நாற்பத்திரண்டு திடுக்கிடல், நாற்பத்திரண்டு முறைப்பு. எல்லோரும் கையை இறுக்க மூடிக்கொண்டு வெளியே எடுத்தார்கள்.

கோவிந்தன் விறுவிறுவென்று போய், கருவாடு காயும் பாய்க்கடியில் மணலைத் தோண்டிக் கழியை எடுத்து வந்து நீட்டினார்.

"ஒடிஞ்சி பூட்ச்சின்னீங்களே?" என்றேன்.

"ஒட்டிகிச்சிம்மா."

மங்கம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போட்டாள். "முப்பத்துமூணு ஊட்டு வடய வுட்டுட்டு போவலாம்னு பாத்தியா? கொயந்த மாதிரி ஏமாத்துற." ஒரு புடவைத் துண்டில் எல்லா வடைகளையும் மூட்டையாகக் கட்டி இங்கியின் மடியில் திணித்தாள். பெட்டியைவிட அது கனமாக இருந்தது.

சேறு

படகில் நாங்கள் இரண்டு பேர். நான் இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இங்கி கழியை ஊன்றித் தள்ளினாள். முதல் வருடம் இதே ஏரியில் அவள் ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றியதைப் பார்த்துக் குப்பமே சிரித்தது. அவள் அப்பாவும் மீன்காரர்தான். ஆனால் அவர்கள் ஊரில் கழியைப் போட்டால் அடி தட்டாதாம், துடுப்புத்தானாம். இன்றைக்குப் படகு நேராகப் போயிற்று.

நடு ஏரியில் அவள் சொன்னாள்.

"அக்கா, பானையில வேற ஒன்னுமே இல்ல."

"என்னது?"

"வெறும் பானை. எம் பொத்தான் மட்டும்தான். ஒர்த்தரும் போடல. அல்லாரும் சும்மா கைய வுட்டு எடுத்துக்கீறாங்க."

நான் கண்ணைத் திறந்தேன். ஏரி வற்றிவிடும் என்று நம்புகிறவர்கள். சாமிக்குப் பொய் சொன்னாலும் சொல்வார்கள், பானைக்குச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருடன் என்று நினைத்துத் துணிக்கடியில் வெறுங்கையை விட்டிருக்கிறார்கள். நாற்பத்திரண்டு திருடர்கள்!

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவுங்களுக்கு வெக்கமா பூடும்." சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துகொண்டு கழியைச் சரியாக ஊன்ற முடியாது. படகு ஒரு பக்கம் திரும்பி, மெத்தென்று எதிலோ ஏறி நின்றது.

சேற்றுத் திட்டு. தள்ளினாள், அசையவில்லை. நானும் கழியைப் பிடித்தேன். அசையவில்லை. அக்கரையில் ஜீப் ஆரன் அடிப்பது கேட்டது. ஒருதரம், இரண்டுதரம். டிரைவர் அவசரக்காரர். அவர் கிளம்பிவிட்டால் ரயில் போச்சு, கப்பல் போச்சு, கல்யாணம் போச்சு.

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தோம். ஏரி நிறையப் படகுகள். ஒடிந்த கழி, கறையான் அரித்த கழி, மச்சான் கொண்டுபோன கழி எல்லாம் பளபளவென்று நீரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா நைனா, இங்க எங்க வந்தீங்க?" என்று கூவினாள் இங்கி.

"மீன் புடிக்க" என்றார் முன்னால் வந்த பெரியதனக்காரர்.

"வலை எங்க?"

பெரியதனக்காரர் தன் படகுக்குள் பார்த்தார். பக்கத்துப் படகைப் பார்த்தார். எந்தப் படகிலும் வலை இல்லை. "மொதல்ல மீன் கீதான்னு பாத்துட்டு அப்பால வலை" என்றார்.

கோவிந்தன் குதித்துவிட்டார், முழங்கால் சேற்றில். பின்னாலேயே எல்லோரும். பெரியதனக்காரர் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்தபடி தெளிவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்:

"இத்த பாரும்மா. ஒன்ன அனுப்ப வரல நாங்க. சேத்துல மாட்டுன படக எடுத்து வுடறது ஏரி மொறை. யாரா இருந்தாலும் செய்வோம்."

பத்தடியில் சேறு முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் கையை எடுக்கவில்லை. கரை வரைக்கும் சேறுதான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முழங்கால் தண்ணீரிலும் இடுப்புத் தண்ணீரிலும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கழி இங்கியின் கையில் சும்மா இருந்தது. டிரைவர் ஆரன் அடிப்பதை நிறுத்திவிட்டு, ஜீப் மேல் ஏறி நின்று பார்த்தார்.

பாசஞ்சர் அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதம். ரயிலுக்கு நான் நமஸ்காரம் செய்தது அன்றைக்கு மட்டும்தான். ஜன்னல் வழியாக வடை மூட்டையைத் தூக்கிக் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"இங்கி, பொத்தானை எடுத்துக்கலியே நீ?"

"எடுக்கல."

"ஏன்?"

"எடுத்துக்கினா நாப்பத்திரண்டு ஊடு ஆயிடும்க்கா."

வண்டி நகர்ந்தது. கரிப்புகையில் அவள் கை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

தபாலில் வந்த படம்

நாலைந்து மாதம் கழித்து ஆபீசுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு படம். மரத்தால் கட்டின ஒரு கோயில் வாசலில் கல்யாணப் பெண். பக்கத்தில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக, எங்கள் இங்கி. கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பட்டுமில்லை, புதுசுமில்லை, அந்தக் கம்பளி ஸ்வெட்டர். வரிசையாக நாலு பொத்தான். ஐந்தாவது இடத்தில் ஒரு நூல் மட்டும் தொங்கியது.

படத்தை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அன்றைக்குப் பானை நாள். ஈயக்குண்டு விழுந்து பானை அதிர்ந்தது. சங்கு, தக்கை, ஓடு என்று ஒவ்வொன்றும் அதனதன் குரலில் விழுந்தது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். நாற்பத்திரண்டு முடிந்ததும் மங்கம்மா இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்து எதையோ எடுத்து, மூடிய கையைத் துணிக்கடியில் விட்டாள்.

டங்.

அப்புறம்தான் படத்தை நீட்டினேன். சேலையில் கை துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மணப்பெண்ணை அவள் பார்க்கவே இல்லை. தொங்கும் நூலின் மேல் விரலை வைத்தாள்.

"இன்னா இது, கல்யாணத்துல போய் இப்டி நிக்கிறா. ஊர்ல நாலு பேரு கேட்டிருப்பாங்களே."

"கேட்டிருப்பாங்கதான்."

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அவுங்க அம்மா பாவம், புள்ள மேல ஆசப்பட்டு வேற பொத்தான் வெச்சித் தெச்சிடப் போவுது. வேணாம்னு எழுதும்மா. அவுளுது இங்க பானையில கீதுன்னு எழுது."